குட்டைக் குழலுக்கு எந்த மருந்து?

அமெரிக்காவில் தோட்டாவுக்குத் தாங்களே வெடிமருந்து நிரப்பும் வேட்டைக்காரர்கள் பலர். துப்பாக்கிக் குழல் குட்டையானால் வேகமாக எரியும் மருந்துதான் சரி என்பார்கள் சிலர். பெரும்பாலும் அது சரியல்ல. ஏன்?

குண்டு சில அங்குலம் நகர்வதற்குள் அழுத்தம் உச்சத்தைத் தொட்டுவிடும். மிச்சத் தூரத்தில் குண்டைத் தள்ளுவது பெரும்பாலும் விரியும் வாயுதான். குழலைக் குறைத்தால் குறைவது அந்தத் தள்ளல். வேக மருந்து அழுத்தத்தைச் சட்டென ஏற்றிவிடும். கொஞ்சமாகத்தான் போட முடியும். மெதுவாக எரிவதைக் கூடுதலாகப் போடலாம், வாயுவும் கூடும். ஆகவே 24 அங்குலக் குழலில் குண்டின் வேகத்தில் முந்திய மருந்தே 18 அங்குலத்திலும் பெரும்பாலும் முந்தும். ஆனால் குட்டைக் குழலின் முனையில் தீச்சுவாலையும் சத்தமும் அதிகம். பொட்டாசியம் உப்பு கலந்த மருந்து சுவாலையை அடக்கும்.

எந்த மருந்தானாலும், அளவைத் தயாரிப்பாளரின் அட்டவணையிலிருந்து மட்டுமே எடுக்க வேண்டும். ஊகம் உயிருக்கு ஆபத்து.