இதமான வானிலை எத்தனை பாகை?

“நல்ல வெயில்” என்று நீங்கள் சொன்னால் அது பாராட்டா, புலம்பலா? சிங்கப்பூரில் அது பெரும்பாலும் புலம்பல்தான். ஜெர்மனியில் ஒருவர் “டீ ஸொன்ன ஷைன்ட்”, அதாவது “வெயில் அடிக்கிறது” என்றால், அவர் மகிழ்ச்சியாக இருக்கிறார் என்று பொருள். டிசம்பர் இறுதியில் பெர்லினில் பகல் 8 மணி நேரம்கூட நீடிப்பதில்லை. அந்த ஊரில் வெயில் வந்தால் யார்தான் மகிழமாட்டார்!

மூன்றாம் மொழியாக ஜெர்மன் படிக்கும் மாணவர்கள் முதலில் கற்பவற்றுள் ஒன்று, “டாஸ் வெட்டர் இஸ்ட் ஷேன்”. “வானிலை அழகாக இருக்கிறது” என்பது பொருள். (“ஷேன்” என்பதைச் சரியாக உச்சரிக்க, ‘ஓ’ சொல்வதுபோல் உதட்டைக் குவித்துக்கொண்டு ‘ஏ’ சொல்லுங்கள்.) ஆனால் எந்த வானிலை அழகானது? அங்குதான் அறிவியல் வருகிறது.

ஜெர்மன் வானிலை ஆய்வாளர்கள் அன்றாடச் சொற்களுக்கும் அளவு வைத்திருக்கிறார்கள். பகலின் உச்ச வெப்பநிலை 25 பாகை செல்சியஸைத் தொட்டால் அது “ஸொம்மர்டாக்”, கோடை நாள். 30 பாகையைத் தொட்டால் “ஹைஸர் டாக்”, வெப்ப நாள். இரவில் வெப்பநிலை 20 பாகைக்குக் கீழே இறங்காவிட்டால் “ட்ரோபென்னாக்ட்”, வெப்பமண்டல இரவு. பெயரிலேயே நம்மைத்தான் குறிப்பிடுகிறார்கள்!

நமக்கு எல்லா இரவும் ட்ரோபென்னாக்ட்தான். அதிகாலையில்கூட இங்கு 24, 25 பாகை இருக்கும். நமது விடியற்காலை, அவர்களது கோடை நண்பகல். அப்படியானால் அதே 25 பாகை அங்கே இதமாகவும் இங்கே புழுக்கமாகவும் இருப்பது ஏன்? காரணம் ஈரப்பதம். வியர்வை ஆவியாகும்போது தோலிலிருந்து வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. இங்கு விடியுமுன் ஒப்பு ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டிவிடுவதால் வியர்வை எளிதில் ஆவியாவதில்லை. ஜெர்மனியின் கோடைப் பகலில் காற்று பெரும்பாலும் இதைவிட உலர்ந்திருக்கும். அங்கும் புழுங்கும் நாள்கள் உண்டு. அதற்கு “ஷ்வூல்” என்று தனிச் சொல்லே இருக்கிறது.

மேகத்துக்கும் அளவு உண்டு. வானத்தை எட்டுப் பங்காகப் பிரித்துப் பாருங்கள். கொஞ்சம் மேகம் இருந்து, அது மூன்று பங்குக்கு மேல் மூடாவிட்டால் “ஹைட்டர்”. முகம் மலர்ந்திருக்கும் மனிதரையும் ஜெர்மானியர்கள் இதே சொல்லால் குறிப்பிடுவார்கள். நாமும் “வானம் தெளிந்தது”, “முகம் தெளிந்தது” என்கிறோமே!

இலக்கணத்தில் உங்களுக்கு ஒரு சலுகையும் இருக்கிறது. ஆங்கில வழக்கத்தில் “நான் குளிர்” என்பதுபோல் “இஹ் பின் கால்ட்” என்று சொல்லிவிட்டால், நீங்கள் இரக்கமற்றவர் என்று கேட்பவர் நினைக்கக்கூடும். சரியான வாக்கியம் “மியர் இஸ்ட் கால்ட்”. ‘மியர்’ என்றால் எனக்கு, ‘இஸ்ட்’ என்றால் இருக்கிறது, ‘கால்ட்’ என்றால் குளிர். “எனக்குக் குளிராக இருக்கிறது.” நான்காம் வேற்றுமை! ஆங்கிலம் வழியாகச் சிந்திக்காமல் தமிழ் வழியாகச் சிந்தித்தால் இந்த வாக்கியம் தானாகவே வந்துவிடும்.

இன்றைய வானிலை முன்னறிவிப்பில் உச்ச, தாழ் வெப்பநிலைகளைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்பு வெளியே சென்று மேகத்தை எட்டில் எத்தனை பங்கு என்று எண்ணுங்கள். “ஹைட்டர்” என்று சொல்ல முடிகிறதா?