புதிய ஐம்படைத் தாலி

பிள்ளைத்தமிழ் பாடிய புலவர் பத்துப் பருவங்களுள் முதலாவதாக வைத்தது காப்புப் பருவம். குழந்தை தவழ்வதற்கும் தளர்நடை இடுவதற்கும் முன்னரே, அதனைக் காத்தருளுமாறு தெய்வங்களை வேண்டினர். தாயரோ வேண்டுதலோடு அமையாது, திருமாலின் சங்கு, சக்கரம், தண்டு, வாள், வில் என்னும் ஐந்து படைகளின் வடிவைப் பொன்னிற் செய்து மகவுக்கு அணிந்தனர். ஐம்படைத் தாலி என்பது அதன் பெயர். கண்ணுக்குத் தோன்றாத தீங்குகள் உள என்பதும், தாய் எந்நேரமும் அருகிருத்தல் இயலாது என்பதும் அப்பழக்கத்தின் உட்கிடை.

இன்று அத்தீங்கு வாசலுக்கு வெளியே நிற்கவில்லை. பிள்ளையின் உள்ளங்கைக்கே வந்துவிட்டது. இதனை யான் நூலிற் கற்றிலேன். கரவனெல்லவில் ஒரு மாணவியிடம் கற்றேன்.

கேகாலையிலிருந்து புளத்கொஹுபிட்டிய வழியே வரும் வீதி, அவிசாவளை – ஹற்றன் பெருவீதியைத் தொடுமிடம் கரவனெல்ல. அருகே களனி கங்கை. சுற்றிலும் இறப்பர்த் தோட்டங்கள். விடிந்தும் விடியாத பொழுதிற் பால் வெட்டப் போகும் தந்தை. வளைகுடா நாடொன்றில் வீட்டுவேலை செய்யும் தாய். லயக் காம்பராவிலே அம்மாயியோடு பிள்ளைகள். இத்தகைய குடும்பங்கள் இங்கே பல. 2020 மார்ச்சிற் பெருந்தொற்றின் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டபோது, தாய் அனுப்பிய பணத்தில் வாங்கிய கைப்பேசியே பள்ளிக்கூடமாயிற்று. 'சிக்னல்' தேடி மேட்டுக்கு ஏறிய பிள்ளைகளை யான் கண்டிருக்கின்றேன். பின்னர்ப் பாடசாலை திறந்தது. கைப்பேசி மட்டும் பிள்ளைகளின் கையிலேயே தங்கிவிட்டது.

எட்டாந் தரத்தில் பயின்ற சிறுமி ஒருத்தி ஒருநாள் என் மேசையருகே வந்து நின்றாள். "ஐயா, தெரியாதவங்க ஒருத்தவங்க போன்ல மெசேஜ் போடுறாங்க" என்றாள். கட்டுரைக் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்த யான் தலை நிமிராமலே, "படிக்கும் வயதில் உனக்குக் கைப்பேசி எதற்கு? முதலில் அதனை மூடி வை" என்று கடிந்தேன். அவள் போய்விட்டாள். அதன்பின் வாரங்கள் பல அவள் வாய் திறந்திலள். செய்யுள் ஒப்புவிப்பதில் முதல்வியாய் இருந்தவள் பின்வரிசைக்குப் போய் ஒடுங்கினாள். ஈற்றில் ஆசிரியை ஒருவர் தனியே அழைத்து அன்பாக வினவியபோதுதான் செய்தி வெளிப்பட்டது. தன் வயதுச் சிறுமி எனச் சொல்லிப் பழகிய யாரோ ஒருவர், முதலிற் சீருடையணிந்த படத்தைக் கேட்டிருக்கின்றார். பின்னர்க் கேட்கத் தகாத படத்தைக் கேட்டிருக்கின்றார். மறுத்தபோது, முன்னைய படத்தை உருமாற்றித் தோட்டமெங்கும் பரப்புவதாக மிரட்டியிருக்கின்றார்.

"வீட்டில் ஏன் சொல்லவில்லை, அம்மா?" என்று கேட்டேன்.

"சொன்னா போனைப் புடுங்கிருவாங்க ஐயா. அப்புறம் எங்க அம்மாகூட எப்புடிப் பேசுறது?"

அவ்வொரு வினாவின் முன் என் பாண்டித்தியம் தலை கவிழ்ந்தது. எமக்குக் கைப்பேசி ஒரு கருவி. அவளுக்கோ அது தாயின் குரல். அது பறிபோகும் என்ற அச்சமே அக்கொடியவருக்குத் துணையாக நின்றது. அவ்வச்சத்தை அவள் நெஞ்சில் உறுதிப்படுத்தியவர்களுள் யானும் ஒருவன்.

அன்று மாலையே தந்தையையும் அம்மாயியையும் உடன் வைத்துக்கொண்டு 1929 என்னும் இலக்கத்துக்கு அழைத்தோம். 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலக்கம் அது. இரவும் பகலும் அழைக்கலாம். அதன் பின்னர் யான் பெற்றோர் கூட்டங்களில் எடுத்துரைத்து வரும் காப்புகள் ஐந்து.

முதலாவது, இடம். போர்வைக்குள்ளும் நள்ளிரவிலும் வேண்டா; நால்வர் நடமாடும் இஸ்தோப்பில் அமர்ந்து பார்க்கட்டும். இரவில் அக்கருவி பெரியவர் தலைமாட்டில் உறங்கட்டும்.

இரண்டாவது, மறைவு. முழுப்பெயர், பாடசாலை, தோட்டம் ஆகியவற்றை அறியாதார்க்குச் சொல்லலாகாது. சீருடைப் படம் ஒன்றே இவற்றுட் பலவற்றைக் காட்டிக்கொடுத்துவிடும்.

மூன்றாவது, பூட்டு. வட்ஸ்அப்பில் முகப்புப் படத்தை யார் காணலாம், குழுவில் யார் சேர்க்கலாம் என்பவற்றைத் தொடர்பிலுள்ளோர்க்கு மட்டும் என அமைத்துவிடலாம். பேஸ்புக் முதலியன 13 வயது நிரம்பாதோர்க்குக் கணக்கு இல்லை என்று விதித்துள்ளன. வயதைக் கூட்டிச் சொல்லி நாமே கணக்குத் திறந்து கொடுத்தல், பூட்டை நாமே உடைப்பதாகும்.

நான்காவது, சான்று. மிரட்டல் வந்தாற் பணமோ மற்றொரு படமோ கொடுக்கலாகாது. கொடுக்கக் கொடுக்கக் கேட்பது பெருகுமேயன்றி நில்லாது. அஞ்சி எல்லாவற்றையும் அழித்துவிடுதலும் தவறு. செய்தியும் இலக்கமும் நாளும் தெரியத் திரையைப் படம்பிடித்து வைத்த பின்னரே அவ்விலக்கத்தைத் தடுத்தல் வேண்டும். பிள்ளையின் தகாத படம் ஏதும் இருப்பின், அதனைப் பிறர்க்கு அனுப்பிக் காட்டுதல் எவ்வாற்றானும் ஆகாது.

ஐந்தாவது, அஞ்சாமை. "எது நடந்தாலும் என்னிடம் சொல், உன்னை அடிக்கமாட்டேன், போனைப் பறிக்கமாட்டேன்" என்னும் வாக்கு. இவ்வொன்று இல்லையேல் ஏனைய நான்கும் வெறும் பொன்தகடே.

சட்டங்கள் இல்லாமல் இல்லை. நம் நாட்டில் 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் உண்டு. கருத்துரிமையை அது நெருக்கும் என்ற வாதமும் உடன் எழுந்தது. அவுஸ்திரேலியா 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்கு உட்பட்டோர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருத்தலைத் தடுத்துள்ளது. இவை வேண்டற்பாலனவா, போதியனவா என்பதை அறிஞர் ஆராய்க. எனினும், எந்தச் சட்டமும் லயத்து வாசலில் வந்து காவல் நிற்காது.

கூட்டமொன்றில் அவ்வம்மாயி எழுந்து, "எனக்கு எழுத்தே தெரியாதுங்களே ஐயா, நான் என்னத்தப் பாத்துக் காவந்து பண்றது?" என்று கேட்டார். "எழுத்து வேண்டாம், அம்மா. பிள்ளை பேச வரும்போது காது கொடுங்கள், அது போதும்" என்றேன். பண்டிதப் பட்டம் பெற்ற எனக்கே அன்று அது இல்லாமற் போயிற்று என்பதையும் மறையாது சொன்னேன்.

அச்சிறுமி மீண்டும் முன்வரிசையில் அமர்கின்றாள். இப்போதெல்லாம் பிள்ளை ஒன்று என் மேசையருகே வந்து நின்றால், யான் முதலில் மூடி வைப்பது என் பேனாவை.