படகில் ஏறும் முன்: நெய்யாறு நீர்த்தேக்கத்துக்கு ஒரு நாள் களப்பயணம்

மணவாளக்குறிச்சிப் பிள்ளைகளுக்குப் படகு காட்டவா சுற்றுலா என்று எங்கள் ஆசிரியர் அறையில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். எட்டாம் வகுப்பில் பாதிப் பேர் கடற்கரைக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். வள்ளம் எது, கட்டுமரம் எது, ஃபைபர் படகு எது என்று நாம் கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் அதே பிள்ளைகளில் பெரும்பாலோர் மழைக்காட்டைப் பார்த்ததில்லை. ஊரிலிருந்து வடக்கே பார்த்தால் மலை தெரியும். மழை வருமா என்று பார்ப்பதற்கு மேல் அதனிடம் அவர்களுக்கு வேலை இல்லை. கரையோரச் சாலையில் நின்று காட்டைக் காட்டலாம்தான். ஆனால் நீர்த்தேக்கத்தின் நடுவிலிருந்து பார்க்கும்போதுதான் ஒரு மலைச்சரிவு முழுவதும், அடி முதல் முடி வரை, ஒரே பார்வையில் விரிகிறது. அதற்காகத்தான் படகு.

இடம் தேர்வதில் முதலில் பேச்சிப்பாறைதான் பேச்சில் வந்தது. நம் மாவட்டத்து அணை. நாளிதழில் தினமும் 48 அடி என்ற முழுக் கொள்ளளவோடு நீர்மட்டம் வெளிவரும் அணை. அதைக் கட்டிய பொறியாளர் மிஞ்சினின் கல்லறை அங்கேயே இருக்கிறது. ஆனாலும் நாங்கள் எல்லை தாண்டி நெய்யாறு போக முடிவு செய்தோம். பார்வையாளர் படகுச் சவாரி அங்கே நெடுங்காலமாக நடக்கிறது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் சமூக அறிவியல் ஆசிரியருடையது. நெய்யாறு இடதுகரைக் கால்வாய் ஒரு காலத்தில் நம் விளவங்கோடு வட்டத்தின் 9,200 ஏக்கருக்குத் தண்ணீர் கொண்டுவந்தது. 1956 நவம்பர் 1-இல் மாநில எல்லை மாறியபோது அணை அந்தப் பக்கமும் வயல் இந்தப் பக்கமுமாகப் பிரிந்தன. 2004 முதல் அந்தத் தண்ணீர் வரவில்லை. 2012-இல் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றம் சென்றது. பாடப்புத்தகத்தில் 'மொழிவாரி மாநிலங்கள்' என்று ஒரு வரியில் முடிகிற செய்தி, கால்வாய்க் கரையில் நின்றால் வேறு மாதிரி புரியும் என்றார் அவர். எனக்கும் அது சரியென்று பட்டது.

மாநிலம் தாண்டிப் போவதால் தாள் வேலை கூடுதல். தலைமையாசிரியர் வழியாக மேலலுவலக அனுமதி, பேருந்துக்குக் கேரள அனுமதிச்சீட்டு, பெற்றோர் இசைவுக் கடிதம், மாணவர் பட்டியலில் இரத்த வகையும் அவசரத் தொலைபேசி எண்ணும். இவற்றை அனைவரும் அறிவோம். ஒரு மாதம் முன்பே தொடங்கினால் போதும்.

காலம் பற்றி மட்டும் ஒரு சொல். நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஜூன், ஜூலையும் அக்டோபர், நவம்பரும் மலைப்பகுதிக்கு ஏற்றவை அல்ல. டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு. ஆகவே ஜனவரியின் பிற்பாதியைக் குறித்துக்கொண்டோம். காடு பச்சையாகவே இருக்கும், வானம் தெளிந்திருக்கும்.

படகு விபத்துகளைப் பற்றி நான் கொஞ்சம் படித்தேன். அழைத்துச் செல்கிறவர் படித்தே ஆக வேண்டும் என்பது என் கருத்து. 2007 பிப்ரவரி 20 அன்று கேரளத்தின் தட்டேக்காட்டில் பள்ளிச் சுற்றுலா வந்த 15 மாணவர்களும் 3 ஆசிரியர்களும் இறந்தார்கள். படகின் அளவுக்கு மிக அதிகமானோர் அதில் ஏறியிருந்தார்கள். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் இரண்டடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். கரையில் விலங்குகளைக் கண்ட பயணிகள் பார்ப்பதற்காக ஒரே பக்கமாகச் சாய்ந்தார்கள் என்று சொல்லப்பட்டது. 2024 ஜனவரி 18 அன்று வதோதராவின் ஹர்ணி ஏரியில் 12 மாணவர்களும் 2 ஆசிரியர்களும் இறந்தார்கள். அந்தப் படகில் பலருக்கு உயிர்காப்பு அங்கி இல்லை. இம்மூன்றும் அணையிலும் ஏரியிலும் அமைதியான நீரில் நடந்தவை. புயலோ பேரலையோ இல்லை. மூன்றுமே மாலைப் பொழுதில் நடந்திருக்கின்றன. நாள் முழுக்கச் சுற்றிக் களைத்து, 'இருட்டுவதற்குள் படகையும் முடித்துவிடலாம்' என்று எல்லோரும் ஒரே படகில் ஏறுகிற நேரம் அது. எங்கள் பயணத் திட்டத்தில் படகு காலை 9.30-க்குப் போனது இதனால்தான். மற்ற எல்லாவற்றையும் அதைச் சுற்றி அமைத்தோம்.

வகுப்பில் இதைப் பாடமாக நடத்தினேன். அகலமான பாத்திரத்தில் தண்ணீர், அதன் மேல் ஒரு டிபன் பாக்ஸ் மூடி, அதில் பயணிகளாகப் பன்னிரண்டு சோடா மூடிகள். பரவலாக வைத்தால் மிதக்கிறது. ஆறு மூடிகளை ஒரு விளிம்புக்குத் தள்ளினால் சாய்கிறது. எட்டாவது மூடியில் தண்ணீர் உள்ளே புகுகிறது. அதன்பின் மீட்க நேரமே இல்லை என்பதைப் பிள்ளைகள் கண்ணால் பார்த்தார்கள். அடுத்து சோடா மூடிகளை எடுத்துவிட்டுத் தீப்பெட்டிகளை வைத்தோம். படுக்கவைத்த பெட்டி உட்கார்ந்திருப்பவர். நிமிர்த்தி வைத்தது எழுந்து நிற்பவர். நிமிர்ந்த பெட்டிகளுள்ள மூடி லேசாகத் தொட்டாலே ஆடியது. புவியீர்ப்பு மையம் உயர்வது என்றால் என்ன என்று நான் கரும்பலகையில் எழுத வேண்டியிருக்கவில்லை.

கடற்கரைப் பிள்ளைகளுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டியிருந்தது. "நமக்குத்தான் நீச்சல் தெரியுமே" என்பது அவர்கள் பெருமை. ஒரு லிட்டர் கடல்நீரின் நிறை ஏறக்குறைய 1025 கிராம். நன்னீர் 1000 கிராம். உப்புநீரில் மிதக்கும் முட்டை நல்ல தண்ணீரில் அடியில் போய் உட்காருவதைக் காட்டினேன். அதே படகு, அதே சுமை, அணைநீரில் சற்று ஆழமாக அமிழும். அதே பிள்ளை அங்கே சற்றுக் குறைவாகவே மிதப்பான். அணையின் கரை கடற்கரை போல மெல்லச் சரியாது. அது மூழ்கிய பள்ளத்தாக்கின் சரிவு, இரண்டு எட்டு வைத்தால் ஆழம். அடியில் பழைய மரக்கட்டைகள் கிடக்கலாம். போதாததற்கு, நெய்யாறு நீர்த்தேக்கத்தில் முதலைகள் உண்டு. முதலை என்றதும் நீச்சல் பெருமை அடங்கியது. கையை நீரில் விடக்கூடாது என்ற விதியையும் யாரும் மறக்கவில்லை.

முன்னோட்டப் பயணத்துக்கு நான் தனியாகப் போகவில்லை. பள்ளி மேலாண்மைக் குழுவில் உள்ள மீனவப் பெற்றோர் ஒருவரை அழைத்துப் போனேன். இந்தப் பயணத் திட்டத்தில் எனக்கு மிகவும் பயன்பட்ட முடிவு அதுதான். நான் பதிவுச் சான்றையும் பயணிகள் எண்ணிக்கையையும் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் படகின் ஓரத்தைத் தட்டிப் பார்த்தார், அடித்தட்டில் தேங்கிய நீரைப் பார்த்தார், எஞ்சின் நின்றால் துடுப்பு எங்கே என்று கேட்டார். திரும்பும்போது சொன்னார்: "கடல்ல காத்து முன்னாலயே சொல்லிரும் டீச்சர். மலைக்கெடயில அது சொல்லாம வரும். பிள்ளையள ஒரே பக்கமா இருத்திராதீங்க."

நாம் கேட்க வேண்டியவையும் அதிகமில்லை. 2021-ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டம் பதிவையும் ஆய்வுச் சான்றையும் வலியுறுத்துகிறது. எனவே கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம். எத்தனை பேர் என்று சொல்லும்போது அது ஓட்டுநரைச் சேர்த்தா, சேர்க்காமலா என்று கேளுங்கள். குழந்தைகள் அளவில் உயிர்காப்பு அங்கி எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். பெரியவர் அங்கியைப் பிள்ளைக்கு மாட்டினால் நீரில் விழுந்ததும் அங்கி மேலேறும், பிள்ளை கீழே நழுவும். மாட்டிய பின் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்குங்கள். காதுவரை வந்தால் அந்த அங்கி அந்தப் பிள்ளைக்கு உதவாது. புத்தகப்பைக்கு மேல் அங்கி போடக்கூடாது. துறையின் படியில் கால் வைக்கும் முன் போட வேண்டும், திரும்பிப் படி ஏறிய பின்தான் கழற்ற வேண்டும். 'சின்னப் பிள்ளைகள்தானே, இன்னும் நாலு பேர் ஏறலாம்' என்பது எந்தப் படகுத்துறையிலும் காதில் விழக்கூடிய பேச்சு. அதற்கு நம்மிடம் ஒரு எண் தயாராக இருக்க வேண்டும்.

எங்கள் எண் பதினொன்று. நாங்கள் பேசிய படகுக்கு ஓட்டுநர் நீங்கலாகப் பன்னிரண்டு பேர் அனுமதி. ஒன்பது மாணவர், இரண்டு பெரியவர், ஓர் இடம் காலி. நான்கு சுற்று, ஒவ்வொன்றும் அரை மணி நேரம், இடையே கால் மணி நேரம். கரையில் இருக்கும் குழுக்களுக்கு அணை, முதலைப் பண்ணை, கால்வாய் என்று வேலை கொடுத்தோம்.

இசைவுக் கடிதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதில் பயணத்துக்கு ஒரு கையெழுத்து, படகுக்குத் தனியாக ஒரு கையெழுத்து என்று பிரித்திருந்தேன். 37 கடிதங்களில் ஒன்றில் மட்டும் இரண்டாவது இடம் வெறுமையாக வந்தது. அந்த மாணவியின் தந்தை 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயலின்போது கடலுக்குப் போனவர், திரும்பவில்லை. அம்மா நேரில் வந்தார். "பஸ்சுல போட்டு டீச்சர். தண்ணியில மட்டும் வேண்டாம்" என்றார். பிள்ளைக்குப் போக ஆசை; என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அம்மாவிடம் பேசி மனதை மாற்றச் சொன்னார் ஒரு சக ஆசிரியர். நான் பேசவில்லை. அந்த வீட்டில் தண்ணீரைப் பற்றி முடிவெடுக்க வேண்டியவர் அவர்தான். அவர் தயங்காமல் மறுக்கத்தானே அந்த இடத்தைத் தனியாக விட்டிருந்தோம்.

ஆனால் அந்தப் பிள்ளை கரையில் வெறுமனே உட்கார்ந்திருக்கக் கூடாது. கரைப் பதிவேட்டை அவளிடம் கொடுத்தோம். எந்தச் சுற்று, எத்தனை பேர், யார் யார், புறப்பட்ட நேரம், திரும்பிய நேரம், அங்கி போட்டார்களா. அவள் டிக் அடிக்காமல் படகு கிளம்பாது என்று ஓட்டுநரிடமும் சொல்லிவைத்தோம். துணைக்கு ஓர் ஆசிரியை. விபத்து நேர்ந்தால் மீட்புக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது 'எத்தனை பேர் இருந்தார்கள்' என்பதுதான். அதற்குக் கரையில் ஒருவரிடம் விடை இருக்க வேண்டும். மூன்றாம் சுற்று தாமதமாகத் தொடங்கியபோது, மீதமிருந்த இரண்டு குழுவையும் நெருக்கி உட்காரவைத்து ஒரே சுற்றில் முடிக்கலாமே என்று எங்களில் ஒருவரே சொன்னார். "சார், பதினொண்ணுதான்" என்றாள் அவள், நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல். நான்காம் சுற்று தனியாகவே போனது.

படகில் பேச்சைக் குறைத்துக்கொண்டோம். கரையிலிருந்து தள்ளி ஓரிடத்தில் எஞ்சினை ஐந்து நிமிடம் நிறுத்தச் சொன்னோம். பார்க்க வேண்டியவை மூன்று என்று முன்பே சொல்லியிருந்தேன். நீருக்கும் காட்டுக்கும் இடையில் ஓடும் சிவந்த மண்பட்டை: அணையின் மட்டம் ஏறி இறங்குவதால் அங்கே மரம் நிற்பதில்லை. நீருக்கு நடுவே நிற்கும் திட்டுகள்: அவை முன்பு குன்றுகளாக இருந்தவை. மூன்றாவது, காட்டின் அடுக்குகள்: ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் மரத்தலைகள், அவற்றையும் மிஞ்சி அங்கங்கே ஒரு நெடுமரம். விலங்கு தெரியும் என்று நான் உறுதி சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் எல்லோரும் எழுந்து நின்று ஒரே பக்கம் தேடுவார்கள், தேக்கடியை நினைத்துக்கொள்ளுங்கள். 'வலப்பக்கம்' என்று யாராவது கத்தினால் தலையை மட்டும் திருப்ப வேண்டும் என்று வகுப்பிலேயே பழகியிருந்தோம். நீர்க்காகம் ஒன்று பட்ட மரத்தில் சிறகை விரித்து உலர்த்திக்கொண்டிருந்தது. எல்லாத் தலைகளும் திரும்பின, ஒருவரும் எழவில்லை.

மதிய உணவுக்குப் பின் காணி மக்களைப் பற்றிப் பேசினோம். 1987-இல் அகத்தியர் மலையில் ஆய்வுக்குப் போன அறிவியலாளர்கள், வழிகாட்டிய காணிகள் ஒரு செடியின் பழத்தைத் தின்றுவிட்டுக் களைப்பின்றி நடப்பதைக் கவனித்தார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்து உருவானது. உரிமத் தொகையிலும் பங்குத்தொகையிலும் பாதி காணிகளுக்கு என்று ஏற்பாடு செய்யப்பட்டது. அறிவு யாருடையது, ஆதாயம் யாருக்கு என்று பிள்ளைகள் நன்றாகவே வாதிட்டார்கள். பாதி ஏன், முழுவதும் அவர்களுக்குத்தானே என்றது ஒரு தரப்பு. அந்த வாதம் பேருந்திலும் ஓடியது.

2.30-க்குக் கிளம்பி, வெளிச்சம் இருக்கும்போதே ஊர் வந்து சேர்ந்தோம். தொடர்ந்து வந்த வாரத்தில் ஒரு பாடவேளையை நம் கடற்கரைக்கே எடுத்துக்கொண்டேன். மணவாளக்குறிச்சியின் கருமணல், இல்மனைட்டும் மோனசைட்டும் கலந்த மணல், எங்கிருந்து வந்தது? மலைப்பாறைகள் பல்லாயிரம் ஆண்டுகளாகச் சிதைந்து, ஆறுகளால் கடலுக்கு வந்து, அலைகளால் தரம் பிரிக்கப்பட்டுக் கரையில் ஒதுங்கியது. நெய்யாற்றுக் கரையிலிருந்து ஒரு மாணவன் தாளில் மடித்துக் கொண்டுவந்திருந்த சிவப்பு மண்ணை இந்த மணலின் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அணை குறுக்கே நின்றால் மணல் கடலுக்கு வருமா என்று கேட்டான் அவன். பெரும்பகுதி அணைக்குள்ளேயே தங்கிவிடும் என்றேன். அப்படியானால் நம் கரை என்ன ஆகும் என்றான். இந்தப் பருவத்தின் செயல்திட்டத் தலைப்பு அதுதான். கரைப் பதிவேடு வைத்த மாணவி அந்தக் குழுவின் தலைவி.