பாடலும் பாத்தியதையும்



ஒரு பாடலைக் கேட்டதும் அதனைப் பாடியவர் யாரென வினவுகின்றோம். இயற்றியவருக்கு அப்பாடலால் என்ன கிடைத்தது என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்க்கின்றோம்? எவரிடமும் மாதச் சம்பளம் பெறாது, பாட்டெழுதி வாழ விழைவோர் முதற்கண் விடைகாண வேண்டிய வினா இது.

அமெரிக்காவில் 1826இல் பிறந்தவர் ஸ்டீபன் ஃபொஸ்டர். பாட்டெழுதும் வருவாயைக் கொண்டே வாழ முற்பட்டவர்களுள் அவர் முன்னோடி. ஒலித்தட்டும் வானொலியும் தோன்றாத காலம் அது. இசைக்குறிப்பு அச்சிட்ட தாள்களை வாங்கி மக்கள் இல்லங்களிற் பாடினர். பின்னர் ஒரு பதிப்பகம் விற்பனையாகும் தாளுக்கு இவ்வளவென அவருக்குப் பங்கு கொடுத்தது. ஆயினும் கடன் நெருக்கவே, அதுவரை எழுதிய பாடல்களால் இனி வரக்கூடிய பங்கு முழுவதையும் 1857இல் சுமார் 1,900 டொலருக்கு விற்றுவிட்டார். 1864இல் நியூயோர்க் மருத்துவமனையொன்றில் தமது 37ஆம் வயதில் அவர் இறந்தபோது பணப்பையில் இருந்தது 38 சதம். அவருடைய பாடல்களோ இன்றும் பாடப்படுகின்றன.

தேங்காயை விற்பது வேறு. தென்னங்காணியை விற்பது வேறு. காய்களை விற்றவனுக்கு அடுத்த பறிப்பு உண்டு. காணியை விற்றவனுக்கு வேலிக்கு வெளியே நிற்பதன்றி வேறு வழியில்லை. ஃபொஸ்டர் விற்றது காணியை.

அச்சிடும் உரிமையன்றிப் பாடலுக்கு வேறு வருவாயும் உண்டென்பதை உணர்த்தியது பாரிஸ் நகரம். 1847இல் ஏர்னெஸ்ட் பூர்ஜே என்னும் பாடலாசிரியர் ஆங்கோர் இசைச் சிற்றுண்டிச்சாலையில் அமர்ந்திருந்தபோது, அவருடைய ஆக்கமே அங்கு இசைக்கப்பட்டது. தம் உழைப்புக்கு விலை தராதவருக்குத் தாமும் பணந்தர வேண்டியதில்லையென அவர் மறுத்தார். வழக்கு நீதிமன்றஞ் சென்றது, தீர்ப்பு அவர்பக்கமாயிற்று. ஆயின், ஒரு புலவர் ஊர்தோறும் அரங்குதோறும் சென்று பணம் அறவிட இயலுமா? அதன்பொருட்டு 1851இல் ஆக்கியோர் சங்கமொன்று அமைந்தது. ‘சாசெம்’ எனப்படும் அச்சங்கம் இன்றும் இயங்குகின்றது. பொது இடங்களிற் பாடல் ஒலிப்பதற்கான கட்டணத்தைத் திரட்டி உறுப்பினருக்குப் பங்கிடுவதே இத்தகைய சங்கங்களின் பணி.

நமது நாட்டில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், ஆக்கியோனின் ஆயுட்காலத்துக்கும் அதன்பின் 70 ஆண்டுகளுக்கும் பாடலைக் காக்கின்றது. பதிவு செய்தாற்றான் உரிமை பிறக்கும் என்பதில்லை, எழுதியதுமே பிறக்கின்றது. பொருளாதார உரிமையைப் பிறருக்கு மாற்றுவதாயின் அது கையொப்பமிட்ட எழுத்தில் அமைதல் வேண்டும்.

ஆதலின், கையொப்பமிடுமுன் இளம் பாடலாசிரியர் சில வினாக்களைக் கேட்டல் நலம். நான் கொடுப்பது ஒரு பயன்பாட்டுக்கான அனுமதியா, முழு உரிமையா? எத்தனை ஆண்டுகளுக்கு? ஒலிப்பதிவு, மேடை, ஒலிபரப்பு, இணையம் ஆகியவற்றில் எவையெவை இதில் அடங்கும்? பாடல் வெளிவரும் இடமெல்லாம் என் பெயரும் வருமா? ஒப்பந்தத்தின் பிரதியொன்றையும், பாடலை எழுதிய நாள் குறித்த கையெழுத்துப்படியையும் தம்மிடம் வைத்திருத்தலும் அவசியம்.

இன்றைய அடுப்பெரியக் கைக்காசு வேண்டியதுதான். அதனை எவரும் மறுப்பதற்கில்லை. ஆயினும் அக்காசுக்காக எதைக் கொடுக்கின்றோம் என்பதை அறிந்து கொடுத்தல் வேண்டும். பாடல் நம்மினும் நெடுநாள் வாழக்கூடியது. அதன் பயனில் ஒரு பங்கு நம் பிள்ளைகளையும் சென்றடையட்டும்.