வரப்போரம் முளைக்கும் கரிசாலை

பங்குத் திருவிழாவுக்கு இரண்டு நாள்களே இருந்தன. பீடத்தை அலங்கரிக்க இரண்டு கூடை சாமந்திப் பூ வந்து இறங்கியிருந்தது. கோவிற்பிள்ளை, கோவிற்சுவரை ஒட்டிய வாய்க்காலோரம் மண்டிக் கிடந்த களைகளை மண்வெட்டியால் செதுக்கிக் குவித்துக்கொண்டிருந்தார். அவ்வழியே வந்த வயது முதிர்ந்த தாய் ஒருவர் அக்குவியலருகே அமர்ந்து, சிறிய வெண்பூக்கள் கொண்ட செடிகளை மட்டும் பொறுக்கி முந்தானையில் சேர்க்கலானார்.

"என்னம்மா அது?" என்று கேட்டேன்.

"கரிசாலைங்க சாமி. முன்னெல்லாம் வயல் வரப்புல எவ்வளவோ கிடைக்கும். இப்போ களைக்கு மருந்து அடிச்சுடறாங்க. இந்த வாய்க்காலோரந்தான் கொஞ்சம் இருந்துது. இதையும் வெட்டிப்புட்டீங்களே!" என்றார்.

அவர் குரலில் கோபமில்லை, ஏமாற்றம் இருந்தது. ஆண்டவரின் இல்லத்தைத் தூய்மை செய்வதாக எண்ணி, ஓர் ஏழையின் இரவு உணவை நாம் குப்பையில் எறிந்திருக்கிறோம் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இது நடந்து சில ஆண்டுகள் ஆகின்றன. அன்று முதல் அச்செடியைப் பற்றிக் கற்றதையும், கற்றதைச் சொல்லப்போய்ச் செய்த பிழை ஒன்றையும் நம் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

ஒரே குடும்பத்து மக்கள்

கூடையில் மதிப்போடு வந்த சாமந்தியும், குப்பைக்குச் செல்லவிருந்த கரிசாலையும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. தாவர நூலார் அதனைச் சூரியகாந்திக் குடும்பம் என்பர். நாம் ஒரு பூ என்று எண்ணுவது, இக்குடும்பத்தில் உண்மையில் ஒரு பூ அன்று; நுண்ணிய பூக்கள் பல ஒரே தட்டில் நெருங்கி அமர்ந்த ஒரு கூட்டம். விளிம்பில் இருப்பவை இதழ் போல் விரிந்து வண்டுகளை அழைக்கின்றன. நடுவில் இருப்பவை விதை தருகின்றன. பல உறுப்புகள் கொண்ட ஒரே உடல் என்று புனித பவுல் கொரிந்தியருக்கு விளக்கிய உண்மைக்கு இதைவிட எளிய எடுத்துக்காட்டு வேண்டுமா?

இக்குடும்பத்துக் கீரைகளுக்குத் திருவிவிலிய வரலாற்றிலும் இடமுண்டு. எகிப்திலிருந்து புறப்படும் இரவில், பாஸ்கா ஆட்டிறைச்சியைக் கசப்புக் கீரையோடு உண்ணும்படி இஸ்ரயேலர் பணிக்கப்பட்டதை விடுதலைப் பயண நூலின் 12-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அதற்கு ஏற்ற கீரைகளை யூதர்களின் மிஷ்னா என்னும் நூல் வரிசைப்படுத்துகையில் முதலில் வைப்பது லெட்டூஸ் கீரையை. அதுவும் சூரியகாந்திக் குடும்பமே. நாம் காப்பித்தூளோடு கலக்கும் சிக்கரியும் அக்குடும்பமே. சிறிது கசப்பு இந்தக் குடும்பத்துக் கீரைகளுக்குப் பொதுவான இயல்பு. அக்கசப்பு கரிசாலையிலும் உண்டு.

இனங்கண்டுகொள்ளும் வழி

கரிசாலை, கரிசலாங்கண்ணி, கையாந்தகரை என்று பல பெயர்கள் இதற்கு வழங்குகின்றன. வடமொழியில் பிருங்கராஜம் என்பதும் இதுவே. ஈரமான வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் தானாகவே முளைக்கும். இலைகள் ஈட்டி போல் நீண்டு, தண்டில் எதிரெதிராக அமைந்திருக்கும். தடவிப் பார்த்தால் சொரசொரப்பாயிருக்கும். பூ வெண்மையானது, சட்டைப் பொத்தானை விடச் சிறியது. ஐயம் எழுந்தால் இலையை உள்ளங்கையில் வைத்துக் கசக்கிச் சிறிது நேரம் பொறுத்திருங்கள். சாறு காற்றுப் பட்டுக் கருத்துவிடும். பண்டு தாய்மார் இச்சாற்றில் துணியை ஊறவைத்து உலர்த்தித் திரியாக்கி, விளக்கேற்றிப் புகையைப் பிடித்துக் குழந்தைகளுக்குக் கண்மை கூட்டினார்கள்.

மஞ்சள் பூப் பூக்கும் கரிசாலையும் உண்டு. அதனை வாங்குவோர் விழிப்பாயிருக்க வேண்டும். அலுவலகப் பூங்காக்களிலும் சாலை நடுவிலும் தரையை மூடிப் படரும், பளபளப்பான இலையும் பெரிய மஞ்சள் பூவும் கொண்ட அழகுச்செடி ஒன்றை மஞ்சள் கரிசாலை என்று சிலர் விற்றுவிடுகின்றனர். அதன் இலை பெரும்பாலும் மூன்று மடலாகப் பிளந்திருக்கும். அது நம் கீரை அன்று, உண்ணலாகாது. வெண்பூவைப் பார்த்துப் பார்த்தீனியத்தைக் கரிசாலை என்று மயங்குவதும் கூடாது. 1950-களில் இறக்குமதித் தானியத்தோடு நம் நாட்டில் நுழைந்ததாகக் கருதப்படும் அச்செடியின் இலை, காரட் இலை போல் பல கூறாகப் பிளந்திருக்கும். தொட்டாலே சிலருக்குத் தோல் அரிப்பும் மூச்சுத்திணறலும் வரும். இதுவும் அதே சூரியகாந்திக் குடும்பந்தான்! கோதுமையும் களையும் ஒரே வயலில் வளர்வதை ஆண்டவர் சொன்னார். ஒரே குடும்பத்திலும் அவ்வாறே.

வீட்டில் வளர்க்கும் விதம்

வாய்க்காலோரக் கீரையில் ஒரு குறையுண்டு. அங்கே சாக்கடை கலந்திருக்கலாம். வரப்பில் களைக்கொல்லி தெளித்திருக்கலாம். ஆதலால் வீட்டில் வளர்ப்பதே சாலச் சிறந்தது. அதற்கு நிலம் வேண்டுவதில்லை; அடியில் துளையிட்ட பழைய வாளியோ, உடைந்த மண்தொட்டியோ போதும். இரண்டு பங்கு மண்ணோடு ஒரு பங்கு மக்கிய சாண எரு கலந்து நிரப்புங்கள்.

நல்ல இடத்தில் வளர்ந்த செடியிலிருந்து, மூன்று நான்கு கணுக்கள் உள்ள தண்டை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, இரண்டு கணு மண்ணுக்குள் இருக்குமாறு நடுங்கள். ஈரம் குறையாவிட்டால் கணுக்களில் விரைவில் வேர் இறங்கும். விதைப்பதாயின், பூ உதிர்ந்தபின் எஞ்சும் பச்சைப் பொத்தான் கருத்து முற்றியதும் உதிர்த்து, மணலோடு கலந்து மேலாகத் தூவுங்கள். மண்ணைப் போட்டு மூடிவிடாதீர்கள். இவ்விதை முளைக்க வெளிச்சம் வேண்டும். பூவாளியால் மெல்ல நீர் தெளித்தல் போதும். இரு மாதங்களுக்குள் பறிக்கத் தொடங்கலாம். வேரோடு பிடுங்காமல் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளைகள் விட்டு மீண்டும் மீண்டும் தழைக்கும். அரிசி கழுவிய நீரை ஊற்றினால் அதுவே இதற்கு விருந்து. சோப்புக் கலந்த நீர் வேண்டாம்.

சமைக்கும் விதம்

நால்வருக்கு இரண்டு கைப்பிடி இளந்தழை போதும். இலையின் சொரசொரப்பில் மண் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆகவே மூன்று நான்கு முறை நீர் மாற்றி அலச வேண்டும். ஒரு கைப்பிடி பாசிப்பருப்பை மலர வேகவைத்து, பொடியாக அரிந்த கீரை, சின்ன வெங்காயம், நான்கு பல் பூண்டு, சிறிது சீரகம் சேர்த்து வேகவிட்டு, உப்பிட்டுக் கடைந்து, கடுகும் மிளகாய் வற்றலும் தாளித்து இறக்குங்கள். பருப்பின் இனிமை கீரையின் கசப்பை அடக்கிவிடும். பிள்ளைகள் மறுத்தால், அடை மாவில் அரிந்து போட்டு வார்த்துக் கொடுங்கள்; கேள்வி கேளாமல் உண்பார்கள். தேங்காயும் புளியும் வைத்து அரைத்த துவையலும் சுவையானதே. இலையை முதலில் எண்ணெயில் நன்கு வதக்கிக்கொள்ள வேண்டும்.

சாற்றைத் தேங்காயெண்ணெயில் ஊற்றி, சிறு தீயில் நீர்ப்பதம் முற்றும் வற்றுமட்டும் காய்ச்சி வடித்தால் தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் கிடைக்கும். நரையை மாற்றும் என்று நான் வாக்களிக்கமாட்டேன். என் தலையைப் பார்த்தவர்கள் நம்பமாட்டார்கள்!

நான் செய்த பிழை

வடலூரில் 1867-இல் பசித்தோர்க்கு அன்னசாலை திறந்த இராமலிங்க அடிகளார், கீரைகளுள் கரிசாலையைப் பெரிதும் போற்றியவர். நாட்டு மருத்துவர்கள் இதனை ஈரலுக்கு உற்ற துணை என்பர். 1956-இல் சென்னை மாநிலக் கல்லூரியில் பேராசிரியர் டி. ஆர். கோவிந்தாச்சாரியும் உடன் உழைத்தவர்களும் மஞ்சள் கரிசாலையிலிருந்து வெடலோலாக்டோன் என்னும் பொருளைப் பிரித்து, அதன் வேதியமைப்பை வெளியிட்டனர். வெண்கரிசாலையிலும் அப்பொருள் உண்டு. ஆய்வுக்கூட விலங்குகளின் ஈரலை நஞ்சிலிருந்து அது காப்பதாகப் பின்னர் ஆய்வாளர் கண்டனர்.

இவற்றையெல்லாம் ஆர்வத்தோடு படித்த நான், ஒரு ஞாயிறு மறையுரையில், "நம் காலடியிலேயே ஈரலுக்கு மருந்தை இறைவன் முளைக்க வைத்திருக்கிறார்" என்று பேசிவிட்டேன். சில மாதங்கள் கழிந்தன. எம் பங்கைச் சேர்ந்த தச்சர் ஒருவருக்குக் கண்கள் மஞ்சளாயின. அவர் மருத்துவரிடம் செல்லவில்லை. இருபத்தைந்து நாள்கள், வாய்க்காலோரத்துக் கரிசாலையைப் பறித்துப் பச்சையாக இடித்து, வெறும் வயிற்றில் சாறு குடித்தார். நோயில் பூசுதல் தர என்னை அழைத்தபோதுதான் செய்தி தெரிந்தது. அவ்விரவே பெரிய மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். பித்தப்பைக் கல் இறங்கிப் பித்தக் குழாயை அடைத்திருந்தது. எந்தக் கீரையாலும் அந்த அடைப்பை நீக்க இயலாது. இறையருளால் பிழைத்துக்கொண்டார். ஆயினும் மருத்துவமனைத் தாழ்வாரத்தில் அவர் மனைவி, "சாமி, நீங்கதானே பிரசங்கத்துல சொன்னீங்க?" என்று கேட்ட சொல் என் நெஞ்சை விட்டு இன்னும் அகலவில்லை.

ஆகவே தெளிவாக எழுதுகிறேன். மஞ்சட்காமாலை என்பது ஒரு நோயன்று. பல நோய்களின் அடையாளம். கிருமியாலும் வரும், கல்லாலும் வரும், குடியாலும் வரும். எதனால் வந்தது என்பதை இரத்தச் சோதனை செய்து மருத்துவரே சொல்ல வேண்டும். மேலும், காமாலைக் கிருமிகளுள் சில, மலம் கலந்த நீரினாலேயே பரவுகின்றன. சாக்கடை ஓரத்துக் கீரையைப் பச்சையாகச் சாறு பிழிந்து குடிப்பவர், மருந்தென்று எண்ணி நோயையே குடிக்க நேரிடலாம். கரிசாலை உணவு, உணவாகவே வேகவைத்து உண்போம். கருவுற்ற தாய்மாரும், நாள்தோறும் மாத்திரை உண்போரும் இதன் சாற்றையோ பொடியையோ மருத்துவரைக் கேளாமல் உட்கொள்ள வேண்டாம்.

உணவென்ற அளவிலேயே இதன் பயன் பெரிது. 2019-21-இல் நடந்த தேசிய குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேர் இரத்தசோகை உடையவர்கள். ஞாயிறு பூசையில் பெண்கள் அமரும் பக்கத்தை நோக்கும்போதெல்லாம் இவ்வெண் என் நினைவுக்கு வருகிறது. எல்லாருக்கும் பரிமாறிய பின் எஞ்சியதை உண்ணும் தாயின் தட்டில் கீரையேனும் இருக்கட்டும். அதன்மேல் எலுமிச்சம்பழம் பிழிந்துகொண்டால் கீரையின் இரும்புச்சத்து உடலில் நன்கு சேரும். உண்டவுடன் தேநீர் பருகினால் குறையும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் இரும்புச்சத்து மாத்திரையைக் கீரையைக் காட்டி நிறுத்திவிடவும் கூடாது.

வயலின் ஓரம் யாருக்கு?

அறுவடைக்காலத்தில் வயலின் ஓரத்தை முற்றிலும் அறுக்காமல் ஏழைக்கும் அந்நியருக்கும் விட்டுவிடுமாறு லேவியர் நூலின் 19-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் கட்டளையிடுகிறார். நம் ஊர்களில் வயலின் ஓரம் என்பது வரப்பு. அங்கே யாரும் விதைக்காமல் முளைத்த கீரை, கூலி கிடைக்காத நாளில் எத்தனையோ அடுப்புகளுக்குக் குழம்பானது. வரப்பிலும் மருந்து தெளிக்கும் விவசாயியை நான் பழிக்கவில்லை. களையெடுக்க ஆளும் கூலியும் அவருக்குப் பெருஞ்சுமை. ஆயினும் பயிருக்குத் தெளிப்பதை வரப்பு மட்டுமேனும் தவிர்க்கலாகாதா? தவிர்க்க இயலாவிட்டால், தெளித்திருப்பதைக் கீரை பறிப்போரிடம் ஒரு வார்த்தை சொல்லலாகாதா?

எங்கள் கோவிலின் பின்புறம், கிணற்றடியில், இப்போது இரண்டு பாத்தி கரிசாலை நிற்கிறது. தூய நீர் பாய்கிறது, மருந்து தெளிப்பதில்லை. வேண்டியவர் கேளாமலே கிள்ளிச் செல்லலாம். முதன்முதலில் கிள்ள வந்தவர், அன்று முந்தானையில் பொறுக்கிய அந்தத் தாயே. தச்சரின் மனைவியும் வருகிறார்.

அன்பார்ந்த குடும்பத்தாரே! இந்த மாதம் உங்கள் வீட்டில் ஒரு தொட்டியில் இதை நடுங்கள். வேர் பிடித்துத் தழைத்ததும் இரண்டு தண்டை வெட்டி, ஒன்றை அடுத்த வீட்டாருக்குக் கொடுங்கள். அவர் எம்மதத்தவராயினும் சரியே. மற்றொன்றைப் பங்குக் கோவிலின் ஓரத்தில் நட்டு வையுங்கள். பசித்து வருவோர் எவரேனும் அதைக் கிள்ளிச் செல்லட்டும்.