ஏறுமுன் உதிரும் பூட்ஸ்

புக்கிட் மேரா வட்டாரவாசிகளுக்கு வாய்த்திருக்கும் பெரிய மலை மவுண்ட் ஃபேபர்தான். உயரம் ஏறத்தாழ நூறு மீட்டர். சிங்கப்பூர்த் தீவு முழுக்கத் தேடினாலும் புக்கிட் தீமாவின் 163 மீட்டரைத் தாண்ட வழியில்லை. ஆனாலும் விடியற்காலையில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிப் படிகளில் கனத்த பையோடு ஏறி இறங்குகிறவர்கள் இங்கே உண்டு. பலருக்கு இலக்கு சபாவின் கினபாலு, 4,095 மீட்டர். சிலருக்கு இமயம். 1998 மே 25 அன்று எவரெஸ்ட்டை எட்டிய முதல் சிங்கப்பூர்க் குழுவும் படியேறிப் பழகிய குழுதான். அதற்கு முந்திய ஆண்டு மே 23 அன்று எம். மகேந்திரனும் என். மோகனதாஸும் அங்கே மலேசியக் கொடியை நாட்டினார்கள். 2012இல் சிங்கப்பூர் மருத்துவர் குமரன் ராசப்பனும் உச்சியைத் தொட்டார்.

இப்படிக் கிளம்புகிறவர்கள் பூட்ஸ் வாங்கும்போது பனியையும் பாறையையும் பற்றித்தான் கேட்கிறார்கள். வாங்கியதை வீட்டில் எங்கே வைப்பது என்று யாரும் கேட்பதில்லை. நம் ஊரில் முதலில் கேட்க வேண்டியதே அதுதான்.

நல்ல மலை பூட்ஸின் அடிப்பாகத்தில் இரண்டு அடுக்குகள் உண்டு. தரையைத் தொடுவது ரப்பர். அதற்கு மேல், கண்ணில் அதிகம் படாமல், அதிர்ச்சி தாங்கும் நுரை அடுக்கு ஒன்று இருக்கும். கனமான பூட்ஸ்களில் அது பெரும்பாலும் பாலியூரித்தேன். பாரம் ஏறினாலும் எளிதில் தட்டையாகாது என்பதால் அதற்கு மதிப்பு. ஆனால் அதன் மூலக்கூறுச் சங்கிலியில் எஸ்டர் பிணைப்புகள் இருந்தால், காற்றிலுள்ள நீர் அவற்றை ஒவ்வொன்றாக வெட்டும். வெட்டும்போது உண்டாகும் அமிலம் அடுத்த வெட்டை இன்னும் வேகப்படுத்தும். நீராற்பகுப்பு என்று பள்ளியில் படித்தோமே, அதுதான். வெப்பமும் ஈரமும் கூடக்கூட வேகம் கூடும். சிங்கப்பூரின் சராசரி ஒப்பு ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல். புதிய வீவக வீடுகளில் கனத்த இரும்புக் கதவு போட்ட பாம் ஷெல்டர்தான் பலருக்கு ஸ்டோர் ரூம். அந்த மூடிய அறையில் சில ஆண்டு கிடந்த பூட்ஸ் பார்வைக்குப் புத்தம் புதிதாக இருக்கும். மலையில் நான்கு மணி நேரம் நடந்ததும் அடிப்பாகம் ரஸ்க் மாதிரி உதிரும்.

அடிக்கடி போட்டு நடந்த பூட்ஸ் இந்த விஷயத்தில் பெட்டியில் தூங்கியதைவிட அதிக நாள் தாங்கும் என்பது தயாரிப்பாளர்களின் அனுபவம். நடக்கும்போது நுரை அமுங்கி விரிந்து ஈரத்தை வெளியேற்றுகிறது. கேமராவுக்கு ஈரம் நீக்கும் பெட்டி வாங்கிக் கொடுக்கிற வீட்டில் பூட்ஸுக்கும் ஓர் ஓரம் ஒதுக்கலாம், தப்பில்லை. வாங்கும்போது விலைச்சீட்டைப் பார்ப்பதற்கு முன் தயாரித்த தேதியைக் கேளுங்கள். தள்ளுபடியில் கிடைப்பது கடைக் கிடங்கிலேயே பாதி ஆயுளைக் கழித்ததாக இருக்கலாம். பாலியூரித்தேனுக்குப் பதில் சில காலணிகளில் வரும் இவிஏ நுரைக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அது பாரத்தில் சீக்கிரம் தட்டையாகிவிடும்.

கினபாலுவுக்கு உண்மையில் எவ்வளவு கனமான பூட்ஸ் வேண்டும்? திம்போஹான் வாயிலிலிருந்து ஏறினால் முதலில் மழைக்காட்டுச் சேறும் படிகளும், மேலே வழவழப்பான கருங்கற்பாறை. அங்குள்ள வழிகாட்டிகள் பலர் 'கம்போங் அடிடாஸ்' என்று செல்லமாக அழைக்கப்படும் கறுப்பு ரப்பர்க் காலணியில் ஓடுகிறார்கள். ரப்பர் தோட்டத் தொழிலாளர்கள் அணிந்தது அது. காலில் ஏறும் ஒரு கிலோ, முதுகில் ஏறும் ஐந்து கிலோவுக்கு நிகரான சக்தியைக் குடிக்கிறது என்பது ராணுவ ஆய்வுகள் காட்டிய ஏறத்தாழக் கணக்கு. அந்த வழிகாட்டிகளின் கால்களுக்கு இந்தக் கணக்கு முன்பே தெரியும். அந்த உறுதியான கணுக்கால் நமக்கு இல்லை என்றாலும், கனமான பூட்ஸ் வேண்டாம்; பிடிப்புள்ள, எடை குறைந்த நடைக்காலணி போதும் என்பேன். நீர்புகாச் சவ்வு அவசியமா என்பதிலும் எனக்குச் சந்தேகம். உள்ளேயிருக்கும் ஈரம் வெளிக்காற்றைவிட அதிகமாக இருந்தால்தான் சவ்வு வியர்வையை வெளியே தள்ளும். மழைக்காட்டுப் புழுக்கத்தில் அது வெறும் பிளாஸ்டிக் பை.

பனிமலை வேறு கதை. அங்கே பூட்ஸின் அடியில் கிராம்பன் என்ற இரும்பு முள் சட்டம் மாட்ட வேண்டும். வளையும் அடிப்பாகத்தில் அது கழன்றுவிடும், ஆகவே விறைப்பு தேவை. அதைவிடப் பெரிது குளிர். 1924இல் மலையேறிகள் மலோரியும் இர்வினும் ஆணி அடித்த தோல் பூட்ஸில் எவரெஸ்ட்டில் ஏறினார்கள். பிடிப்பு கொடுத்த அதே ஆணிகள் பாதத்தின் சூட்டையும் கடத்தி வெளியேற்றின. 1953 எவரெஸ்ட் பயணத்துக்குச் செய்த உயர்மலை பூட்ஸில் சூட்டைக் காக்க அடைத்தது எது தெரியுமா? நம் தலையணைக்குள் இருக்கும் இலவம் பஞ்சு. அதன் இழைகள் உள்ளே குழலாக இருப்பதால் காற்றைப் பிடித்து வைக்கும். அப்படியும் மே 29 காலை, 8,500 மீட்டரில், இரவு கழற்றி வைத்த ஹிலாரியின் பூட்ஸ் கல்லாக உறைந்திருந்தது. அடுப்பில் காட்டி இளக்க இரண்டு மணி நேரம் பிடித்தது. போட்டபடியே படுத்த டென்சிங்குக்கு அந்தத் தொல்லை இல்லை. இன்று உள்பூட்ஸைத் தனியே கழற்றும் இரட்டை பூட்ஸ் வந்துவிட்டது. உள்பூட்ஸை உறக்கப்பைக்குள் வைத்துக்கொள்ளலாம்.

அளவு விஷயத்தில் சாலைக் காலணிக் கணக்கு உதவாது. நடக்க நடக்கப் பாதம் வீங்கும். எனவே மாலையில், மலையில் போடப்போகும் தடித்த காலுறையோடு போட்டுப் பாருங்கள். சரிவில் நின்றால் விரல் முன்பக்கம் இடிக்கக் கூடாது, ஏறும்போது குதிகால் மேலெழக் கூடாது. இறுக்கம் குளிர்மலையில் ஆபத்து. குளிரிலும் ஆக்சிஜன் குறைவிலும் ஏற்கெனவே சுருங்கிய இரத்தக்குழாயை அது இன்னும் நெருக்கி, விரலை உறையவிடும். ஹெண்டர்சன் வேவ்ஸ் பாலம் வழியாக மவுண்ட் ஃபேபர் வரை சில மணி நேரம் நடந்தால் கொப்புளம் எங்கே வரும் என்று தெரிந்துவிடும்.

அடிப்பாகம் உதிர ஆரம்பித்த பூட்ஸைப் பசை போட்டு ஒட்டித் தரச் சொல்லிப் பயனில்லை. விட்டுப்போனது ஒட்டு அல்ல, நுரையே. மேல்தோல் நல்லதாக இருந்தால் முழு அடிப்பாகத்தையும் மாற்றித் தரும் தயாரிப்பாளர்கள் உண்டு. அதற்கு வாரக்கணக்கில் ஆகும், ஆகவே பயணத்துக்கு முந்திய மாதமே எடுத்து நுரையைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், விரிசல் இருக்கிறதா என்று. அப்படியும் கினபாலு போகும் பையில் நாலைந்து பிளாஸ்டிக் கட்டுப்பட்டைகள் இருக்கட்டும். பிரிந்த அடியைக் கட்டிக்கொண்டு வாயில்வரை இறங்க அவை போதும்.