கல்லூரி வளாகக் குப்பை: பாடத்தில் இருப்பதும் மெஸ்ஸுக்குப் பின்னால் கிடப்பதும்

மகனையோ மகளையோ கல்லூரியில் சேர்க்கப் போகும்போது நாம் எத்தனையோ விசாரிக்கிறோம். கட்டணம் எவ்வளவு, படித்து முடித்ததும் எத்தனை பேருக்கு வேலை கிடைக்கிறது, விடுதியில் ஹலால் சாப்பாடு உண்டா, தொழுகைக்கு இடம் இருக்கிறதா என்று பட்டியல் நீளும். விடுதி மெஸ்ஸில் மிச்சமாகும் சோறு எங்கே போகிறது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. ஆனால், அந்தக் கல்லூரி நம் பிள்ளைக்கு எதைக் கற்றுக்கொடுக்கப் போகிறது என்பதை அறிய அது ஒரு நல்ல கேள்வி.

வண்டலூரில் பி.எஸ். அப்துர் ரஹ்மான் கிரசென்ட் உயர்கல்வி நிறுவனம் இருக்கிறது. அங்கிருந்து வாலாஜாபாத் சாலையில் மேற்கே போனால் ஒரகடம். சற்று வடக்கே, பெங்களூர் நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூர். அங்கே ராஜீவ் காந்தி தேசிய இளைஞர் மேம்பாட்டு நிறுவனமும், தண்டலம், பென்னலூர் பக்கம் பொறியியல் கல்லூரிகளும் உள்ளன. இவற்றுக்கு இடையில்தான் இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய், ஒரகடம் ரெனால்ட் நிசான், ராயல் என்ஃபீல்டு, சுங்குவார்சத்திரம் ஃபாக்ஸ்கான் என்று ஆலைகள் வரிசை கட்டி நிற்கின்றன. படிப்பும் வேலையும் ஒரே சாலையில் அமைந்த பகுதி இது. இரண்டுக்கும் பொதுவானவை விடுதியும் மெஸ்ஸும், அவற்றின் குப்பையும்தான்.

ஒரு சின்னக் கணக்கு

ஓர் விடுதியில் 1,000 மாணவர்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவரும் வேளைக்கு 50 கிராம், அதாவது இரண்டு மூன்று கவளம் மட்டும் தட்டில் மிச்சம் வைக்கிறார்கள். ஒரு வேளைக்கு 50 கிலோ. மூன்று வேளைக்கு 150 கிலோ. காய்கறித் தோல், அண்டாவில் மீந்த சாம்பார், வெள்ளிக்கிழமை பிரியாணியின் எலும்பு எதுவும் இந்தக் கணக்கில் இல்லை.

ஆலை விடுதிகளிலும் இதே கதைதான். வல்லம் வடகால் சிப்காட்டில் 2024 ஆகஸ்ட்டில் திறக்கப்பட்ட மகளிர் விடுதி 18,720 பெண் தொழிலாளர்கள் தங்குவதற்காகக் கட்டப்பட்டது. அது ஒரு பேரூராட்சியின் மக்கள்தொகை. அத்தனை பேர் ஒரே இடத்தில் சாப்பிடும்போது, தட்டில் மிஞ்சும் ஒரு கவளமும் டன் கணக்கில் போய் நிற்கும்.

மதிலுக்கு வெளியே போட்டால் போய்விடுமா?

ஸ்ரீபெரும்புதூர் வட்டாரம் ஏரிகளின் பூமி. ஒன்று நிரம்பினால் அடுத்ததற்குப் போகும்படி நம் முன்னோர் அமைத்த சங்கிலி அது. ஸ்ரீபெரும்புதூர்ப் பகுதியின் உபரி நீர் செம்பரம்பாக்கம் ஏரிக்குப் போகிறது. மணிமங்கலம், சோமங்கலம் பக்கத்து ஏரிகளின் நீர் அடையாற்றில் சேர்கிறது. 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவுள்ள செம்பரம்பாக்கம், சென்னை மக்கள் குடிக்கும் நீரைத் தேக்கி வைக்கும் ஏரி. இரவோடு இரவாக டிராக்டரில் கொண்டுபோய் ஏரிக்கரையில் கொட்டப்படும் குப்பை, அடுத்த மழையில் அந்தத் தண்ணீரோடு பயணம் செய்கிறது. விடுதி மாணவன் வீசிய பாலித்தீன் பையின் சாறு, சென்னையில் இருக்கும் அவன் உம்மாவின் குழாய் வரை வரக்கூடும்.

மதிலுக்குள்ளேயே வைத்திருந்தாலும் ஆபத்து தீராது. சென்னை ஐ.ஐ.டி. வளாகம் கிண்டிக் காட்டை ஒட்டியது. புள்ளிமான்களும் வெளிமான்களும் அங்கே மாணவர்களுக்கு நடுவே திரிகின்றன. அங்கு இறந்த மான்களின் வயிற்றில் பிளாஸ்டிக் பைகள் உருண்டு திரண்டு கிடந்தது பிரேதப் பரிசோதனைகளில் தெரியவந்து, பலமுறை செய்தியானது. உப்பும் எண்ணெயும் படிந்த சாப்பாட்டுப் பொட்டலத்தை மான் பையோடு சேர்த்தே தின்றுவிடுகிறது. நாட்டின் தலைசிறந்த மாணவர்கள் படிக்கும் வளாகத்திலேயே இந்த நிலை என்றால், இங்கே குறைவது அறிவல்ல, பழக்கம்.

சட்டம் என்ன சொல்கிறது?

2016-ல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள், 5,000 சதுர மீட்டருக்கு மேல் பரப்புள்ள நிறுவனங்கள் குப்பையை உற்பத்தியாகும் இடத்திலேயே பிரிக்க வேண்டும் என்றும், மக்கும் குப்பையை முடிந்தவரை தங்கள் வளாகத்துக்குள்ளேயே உரமாகவோ எரிவாயுவாகவோ மாற்ற வேண்டும் என்றும் கூறின. அவற்றுக்குப் பதிலாக வந்த புதிய விதிகள் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருபவை. இவற்றின்படி குப்பையை நான்காகப் பிரிக்க வேண்டும்: ஈரக் குப்பை, உலர் குப்பை, நாப்கின் போன்ற சுகாதாரக் கழிவு, பல்பு, மருந்து, பெயின்ட் டப்பா போன்ற தனிக் கவனம் தேவைப்படும் கழிவு.

நாளொன்றுக்கு 100 கிலோ குப்பை சேரும் வளாகம் 'பெருமளவு குப்பை உருவாக்குவோர்' பட்டியலில் வந்துவிடும். மேலே போட்ட கணக்கைப் பாருங்கள். 1,000 பேர் தங்கும் விடுதி, தட்டில் மிஞ்சும் சோற்றாலேயே அந்த எல்லையைத் தாண்டிவிடுகிறது. 'நகராட்சி வண்டி வந்தால் எடுத்துக்கொள்ளட்டும்' என்று கல்லூரி நிர்வாகம் கைகழுவிவிட முடியாது.

5 மணி நேரம், 25 மதிப்பெண்

சுற்றுச்சூழல் கல்வியும் இந்த நாட்டில் விருப்பப் பாடம் அல்ல. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991 நவம்பர் 22 அன்று உச்ச நீதிமன்றம் அதைக் கட்டாயமாக்கும்படி உத்தரவிட்டது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2003-ல் நீதிமன்றம் மறுபடியும் வலியுறுத்த வேண்டியிருந்தது. அதையொட்டி யு.ஜி.சி. எல்லா இளங்கலை மாணவர்களுக்கும் ஆறு மாதப் பாடத்திட்டம் ஒன்றை வகுத்தது. பி.காம். ஆனாலும் பி.இ. ஆனாலும் அந்தத் தாளை எழுதியாக வேண்டும் என்ற நிலை அப்படித்தான் வந்தது.

அந்தப் பாடத்திட்டத்தின் கடைசிப் பகுதியைப் பலர் கவனிப்பதில்லை. மொத்தம் 50 வகுப்புகளில் 5 மணி நேரம் களப்பணிக்கு. 100 மதிப்பெண்ணில் 25 அதற்கே. மாசடைந்த ஓர் இடத்துக்கு நேரில் போய்ப் பார்த்து எழுத வேண்டும் என்று அதில் சொல்லப்பட்டிருக்கிறது.

நடைமுறையில் என்ன ஆகிறது? பழைய ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதி, இணையத்தில் எடுத்த படத்தை ஒட்டி, கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். மாசடைந்த இடத்தைத் தேடி எங்கும் போக வேண்டாம். மெஸ்ஸுக்குப் பின்னால் போனாலே போதும். ஒரு வாரம் தராசு வைத்து மிச்சச் சோற்றை நிறுக்கட்டும். எந்தக் கிழமை அதிகம், எந்தப் பதார்த்தம் அதிகம் கொட்டப்படுகிறது என்று எழுதட்டும். உப்புமா நாளில் இரண்டு மடங்கு என்று தெரிந்தால், அடுத்த வாரம் உப்புமாவின் அளவைக் குறைக்கலாம். படிப்பும் ஆயிற்று, குப்பையும் குறைந்தது.

சோறு எப்படி அடுப்புக்குத் திரும்புகிறது?

காற்றுப் புகாத கலனில் மிச்ச உணவைக் கரைத்து ஊற்றினால், அதிலுள்ள நுண்ணுயிரிகள் அதைத் தின்று மீத்தேன் வாயுவைத் தருகின்றன. நன்றாக இயங்கும் கலனில் 100 கிலோ உணவுக் கழிவு சுமார் 4 கிலோ சிலிண்டர் வாயுவுக்கு ஈடாகும். நம் கணக்கிலுள்ள விடுதியில் இரண்டு மூன்று நாளுக்கு ஒரு வீட்டு சிலிண்டர் மிச்சம். அதே சோற்றைக் குப்பைமேட்டில் குவித்தாலும் மீத்தேன் வரத்தான் செய்யும். ஆனால் அது அடுப்புக்கு வராமல் காற்றில் கலந்து பூமியைச் சூடாக்கும், அல்லது தீப்பிடிக்கும். 2022 ஏப்ரலில் பெருங்குடிக் குப்பைமேடு நாள்கணக்கில் எரிந்து புகைந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம்.

பல இடங்களில் இந்தக் கலன்கள் திறப்பு விழாவோடு நின்றுவிடுவதற்குக் காரணம் பெரும்பாலும் இயந்திரக் கோளாறு அல்ல. ஒரு பிளாஸ்டிக் ஸ்பூன் குழாயை அடைத்துவிடும். எலும்பு கரையாது. ஒரே நாளில் அளவுக்கு மேல் கொட்டினால் உள்ளே புளித்து, வாயு வருவது நின்றுவிடும். ஆக, கலனின் ஆயுள் தட்டைக் கழுவும் இடத்தில் மாணவன் எந்த வாளியில் எதைப் போடுகிறான் என்பதில் இருக்கிறது.

அவன் பிரிக்காமல் போட்டால் பிரிக்கும் வேலை இல்லாமல் போய்விடாது. தூய்மைப் பணியாளர் ஒருவர் கையை விட்டுப் பிரிப்பார். உடைந்த கண்ணாடியும் பயன்படுத்திய நாப்கினும் அந்தக் கையில்தான் படும். பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவது ஈமானின் ஒரு பகுதி என்று மதரஸாவில் படித்த பிள்ளைகள் நாம். இன்னொருவரின் கையில் இடையூறை வைக்காமலிருப்பதும் அதில் அடங்கும் அல்லவா?

ஆலைகள் இதை எப்போதோ புரிந்துகொண்டுவிட்டன. ஜப்பானியர் வகுத்த 'ஐந்து எஸ்' ஒழுங்கு இந்தப் பகுதி ஆலைகளில் பழக்கமான சொல். தேவையானதையும் தேவையற்றதையும் பிரிப்பதுதான் அதில் முதல் பாடம். கல்லூரியில் நான்கு ஆண்டுகள் கற்காததை, வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் மேற்பார்வையாளர் கற்றுக்கொடுக்கிறார். அங்கேயும் ஷிப்ட் முடிந்ததும் பழக்கம் வாசலோடு நின்றுவிட்டால், அறைக்குப் போகும் வழியில் டீ கப் சாக்கடைக்குத்தான் போகும்.

நாம் என்ன செய்யலாம்?

சேர்க்கைக்குப் போகும்போது மூன்று கேள்விகள் கேட்போம். மெஸ் கழிவு எங்கே போகிறது, பார்க்கலாமா? பெண்கள் விடுதியில் நாப்கின்களைத் தனியாகச் சேகரிக்க என்ன ஏற்பாடு? சுற்றுச்சூழல் பாடத்தின் களப்பணி எங்கே நடக்கிறது? நாலு பெற்றோர் கேட்டால் நிர்வாகம் பதில் தயாரிக்கத் தொடங்கும். நம் சமுதாயம் நடத்தும் கல்லூரிகள் பல இருக்கின்றன. அங்கே இதைக் கேட்கும் உரிமை நமக்கு இன்னும் அதிகம்.

வீட்டிலும் தொடங்குவோம். ஒரே சஹனில் சேர்ந்து சாப்பிடும்போது யார் எவ்வளவு மிச்சம் வைக்கிறோம் என்பது எல்லோர் கண்ணுக்கும் தெரியும். ஆளுக்கொரு தட்டு வந்ததும் அது மறைந்துவிட்டது. வலிமா விருந்தில் அண்டா அண்டாவாகப் பிரியாணி கொட்டப்படுவதைப் பார்த்து வளரும் பிள்ளை, விடுதிக்குப் போய் 50 கிராம் சோற்றுக்குக் கவலைப்பட மாட்டான்.

விடுமுறையில் பிள்ளை வீட்டுக்கு வரும்போது, 'மெஸ் சாப்பாடு எப்படி?' என்று எப்படியும் கேட்போம். மிச்சம் எங்கே போகிறது என்பதையும் சேர்த்துக் கேட்போம். தெரியவில்லை என்று சொன்னால், திரும்பிப் போனதும் பார்த்துவிட்டு வந்து சொல்லச் சொல்வோம்.